மெமரி கார்டில் இருந்த கடைசி ஆட்டம்

ஆய்வேட்டின் நான்காம் இயலை முடித்துத் தர வேண்டிய டிசம்பர் மாதத்தில் நான் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் நெறியாளர் இந்தப் பக்கத்தைப் படிப்பவர் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளவர்கள் இறுதிவரை வாருங்கள். இதில் ஒரு தவறும் அதன் திருத்தமும் இருக்கின்றன. தவறு என்னுடையது, திருத்தியவன் என் தம்பி.

தீபாவளிக்குத் திண்டிவனம் சென்றிருந்தபோது அம்மா பரணைக் காலி செய்துகொண்டிருந்தார். காயலான் கடைக்குப் போக வேண்டிய மூட்டையில் ஓட்டை விழுந்த குக்கர், அப்பாவின் பழைய ஹெல்மெட், கைப்பிடி போன மிக்சி ஆகியவற்றோடு எங்கள் பிளேஸ்டேஷன் 2 கிடந்தது. 2009ஆம் ஆண்டு ரிச்சி தெருவில் அப்பா வாங்கியது. அப்போதே அது யாரோ பயன்படுத்திய பொருள். தம்பி எட்டாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதற்கான பரிசு. அதே ஆண்டு நான் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தேன். எனக்கு ஓர் ஆங்கில அகராதி கிடைத்தது. அகராதி இன்றும் பயன்படுகிறது என்பதால் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் முதல் ஜாய்ஸ்டிக் எப்போதும் தம்பியின் கையில்தான் இருந்தது. நான் இரண்டாம் ஆட்டக்காரி. அவனுக்குச் சலிக்கும்போது, அல்லது அம்மா அதட்டும்போது, எனக்கு ஒரு சுற்று கிடைக்கும்.

மூட்டையிலிருந்து அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். “ஆராய்ச்சிக்கா?” என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது அது பொய்.

எங்கள் வீட்டுக் கதையை நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன். 2014 தொடக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவ்வாண்டு எனக்கு ஹைதராபாத்தில் முதுகலை இடம் கிடைத்தது. டிப்ளமோ முடித்திருந்த தம்பிக்கு ஆட்டோமொபைல் பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்வதற்கான இடம் கிடைத்தது. இருவரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலையில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவன் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அன்று முதல் என் உதவித்தொகை தாமதமான ஒவ்வொரு மாதமும் விடுதிக் கட்டணம் அவனிடமிருந்து வந்தது. இதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

இனி அந்தப் பெட்டி. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று வெளிவந்தது. 2013 தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்படும்வரை, உலகில் வேறெந்த கேம் கன்சோலும் விற்காத அளவுக்கு, 15 கோடிக்கும் மேல் விற்றது. அதன் நினைவகம் 32 மெகாபைட். இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் திருமண வீடியோ ஒன்றுகூட அதற்குள் அடங்காது. அந்த 32 மெகாபைட்டில்தான் எழுநூறுக்கும் மேற்பட்ட கார்களைக் கொண்ட ‘கிரான் டூரிஸ்மோ 4’ ஓடியது. தம்பியின் உயிர் அந்த ஆட்டத்தில்தான் இருந்தது.

விடுதி அறையில் பெட்டியை இயக்கியபோது சிவப்பு விளக்கு பச்சையானது. திரையில் மொழியும் தேதியும் கேட்டது. உள்ளிருக்கும் கடிகார மின்கலம் தீர்ந்திருந்தது. எல்லா எழுதுபொருள் கடைகளிலும் கிடைக்கும் வட்ட மின்கலம்தான், மாற்றினேன். லேசர்தான் பெரும் சிக்கல். எந்தச் சிடியைப் போட்டாலும் கரகரவென்று சுழன்றுவிட்டுப் படிக்க முடியவில்லை என்றது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் வில்லையைத் துடைத்தேன். பத்தில் ஒருமுறை படித்தது. பதினைந்து ஆண்டுகள் உழைத்த கண் அது. இனி அதை நம்ப முடியாது.

லேசர் இல்லாமல் இதை வாழவைக்க வழி உண்டா என்று தேடினேன். உண்டு. பிளேஸ்டேஷன் 2 இயங்கத் தொடங்கும்போது மெமரி கார்டில் தனக்கான புதுப்பிப்பு நிரல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும். சோனி நிறுவனம் பிற்காலத் தேவைக்காக வைத்த கதவு அது. ‘ஃப்ரீ எம்சிபூட்’ என்ற இலவச நிரல் அந்தக் கதவின் வழியாக நுழைகிறது. அதை மெமரி கார்டில் நிறுவிவிட்டால் சிடி இல்லாமலேயே பெட்டி நாம் விரும்பும் நிரல்களைத் தொடங்கும். பிறகு ‘ஓபன் பிஎஸ்2 லோடர்’ கொண்டு, கம்பி வழியாக மடிக்கணினியில் இருக்கும் ஆட்டங்களை நேராக ஓட்டலாம். யுஎஸ்பி வழியாகவும் ஓட்டலாம். ஆனால் இதிலுள்ளது பழைய யுஎஸ்பி, நொடிக்கு 12 மெகாபிட் வேகம்தான். இடையில் வரும் காட்சிப் படங்கள் திக்கித் திணறும். கம்பியே மேல்.

இதற்கு ஒரே நிபந்தனை: அந்த நிறுவல் நிரலை முதன்முறையாக ஏற்ற ஒரு சிடியாவது படிக்கப்பட வேண்டும். எங்கள் பெட்டி ரிச்சி தெருவிலேயே ‘சிப் போட்டது’. அக்காலத்தில் நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். நடைபாதையில் விற்ற நகல் சிடிகள் ஓடியதும் அதனால்தான். ஆகவே நானே எழுதிய வட்டு ஓடும், லேசர் ஒத்துழைத்தால். பத்தொன்பது முறை முயன்றேன். இருபதாம் முறை, இரவு ஒன்றரை மணிக்கு, திரையில் நீல நிறக் கோப்புப் பட்டியல் தோன்றியது. அறைத்தோழி எழுந்து “பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சா?” என்று கேட்கும் அளவுக்கு நான் கத்திவிட்டேன்.

அடுத்த தடை மெமரி கார்டு. கொள்ளளவு 8 மெகாபைட். நிறுவல் நிரல், போதிய இடமில்லை என்றது. சந்தையில் மலிவாக ஒரு கார்டு வாங்கிவந்தேன். சோனியின் மறையாக்க ஏற்பாடு அதில் இல்லாததால் நிரல் அதை ஏற்கவில்லை. நிறுவப்படும் கோப்பு எந்தக் கார்டில் எழுதப்படுகிறதோ அதனோடு பிணைக்கப்பட்டுவிடும். வேறொன்றுக்கு நகலெடுத்தால் இயங்காது. ஆகவே பழைய கார்டுதான் வேண்டும். அதில் எதையாவது அழித்தாக வேண்டும்.

கார்டைத் திறந்து பார்த்தேன். மல்யுத்த ஆட்டம், கிரிக்கெட் ஆட்டம், டெக்கன் என்று வரிசையாகச் சேமிப்புகள். பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது கிரான் டூரிஸ்மோ 4. கடைசியாகச் சேமிக்கப்பட்ட தேதி: 15 ஜூன் 2014, இரவு 11:40.

எனக்கு மூச்சு நின்றது. தம்பி வேலைக்குச் சேர்ந்தது 16 ஜூன் 2014, திங்கட்கிழமை. அதற்கு முந்தைய இரவு அவன் ஆடிய கடைசி ஆட்டம் இது. அதன்பிறகு ஒருமுறைகூடச் சேமிக்கப்படவில்லை.

அவனுக்குத் தொலைபேசினேன். தேதியைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை.

“டேய், உன் மெமரி கார்டுல இடமில்ல. எதையாவது அழிக்கணும்.”

“எல்லாத்தையும் அழிச்சுடுக்கா. அதுல என்ன இருக்கு? சாப்டியா?”

அழிக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே என் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் குஜிலி நூல்களில் ஆய்வு செய்கிறேன். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவிலும் சந்தைகளிலும் சில காசுகளுக்கு விற்கப்பட்ட சிறு பாட்டுப் புத்தகங்கள்: கொலைச் சிந்து, வெள்ளக் கும்மி, புதிதாக வந்த ரயிலைப் பற்றிய பாட்டு. மக்கள் விரும்பிப் படித்தவை, படித்துக் கந்தலானவை. கந்தலாகும் அளவுக்குப் படிக்கப்பட்டதாலேயே எஞ்சாதவை. நூலகங்கள் அவற்றை இலக்கியமாக மதிக்கவில்லை. இன்று நமக்குக் கிடைப்பவற்றில் பல, தனிமனிதர்கள் கிறுக்குத்தனமாகச் சேர்த்துவைத்ததால் கிடைப்பவை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு இல்லாவிட்டால், அதைப் பின்னர் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி 1994இல் சென்னையில் நூலகமாக அமையச் செய்யாவிட்டால், என் துறையில் பாதி ஆய்வேடுகள் எழுதப்பட்டிருக்காது.

இப்படிப்பட்ட ஆய்வைச் செய்துகொண்டு, என் தம்பியின் கடைசி இரவை நான் அழிப்பதா?

யுஎஸ்பி குச்சிக்கு நகலெடுத்தேன். நகலெடுத்த நிம்மதியில் அழிக்கும் பொத்தானுக்குப் போன விரல், தொழில்முறைப் பழக்கத்தால் நின்றது. நகலைச் சரிபார்க்காமல் மூலத்தைக் கைவிடக் கூடாது. நகலை அந்த மலிவு கார்டில் திரும்ப எழுதிப் பார்த்தேன். ஆட்டம் அப்படியே இருந்தது. தேதி மட்டும் அன்றைய தேதியாக மாறியிருந்தது. 15 ஜூன் 2014 போய்விட்டது.

கோப்புறையைச் சாதாரணமாக யுஎஸ்பிக்கு நகலெடுத்தால் உள்ளடக்கம் போகும். மெமரி கார்டு தனியே எழுதிவைத்திருக்கும் தேதியும் பண்புகளும் போகா. அதற்கு அதே நிரலில் வேறொரு கட்டளை இருக்கிறது. சேமிப்பு முழுவதையும் தேதி முதலிய விவரங்களோடு ‘பிஎஸ்யூ’ என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டித் தரும். அவ்வாறு மீண்டும் நகலெடுத்தேன். மடிக்கணினியில், வன்தட்டில், நண்பரின் கணினியில் என்று மூன்று படிகள் வைத்தேன். அதன்பிறகே கார்டில் இடம் ஒழித்தேன். ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர்கள் பாடலை எழுதி, எழுதியவர் பெயரும் நாளும் இருந்த கடைசி ஏட்டை விட்டுவிட்டால் நாம் எவ்வளவு நொந்துகொள்வோம்! நானும் அதைச் செய்யவிருந்தேன்.

பெட்டி உயிர் பெற்றது. பெரிய திரைக்கு எர்ரகட்டா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 21 அங்குலப் பழைய டப்பா டிவி ஒன்றைப் பிடித்தேன். தட்டை டிவியில் ஏன் ஆடவில்லை என்று விடுதியில் பலரும் கேட்டார்கள். இந்தப் பழைய ஆட்டங்களின் படம் குறைந்த வரிகள் கொண்டது. புதிய டிவி அதைத் தனக்கேற்ப விரித்துச் செப்பனிட்டுக் காட்டுவதற்குள் சிறு தாமதம் நேர்கிறது. பொத்தானை அழுத்திய பிறகே குதிக்க வேண்டியவன் குதிப்பதற்குள் பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். டப்பா டிவி வந்த படத்தை வந்தபடியே வரைகிறது.

கம்பிக்கான ஏற்பாட்டில் ஒரு மாலை போனது. பிளேஸ்டேஷன் 2 பேசுவது கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பில். பாதுகாப்பற்றது என்று இன்றைய கணினிகள் அதை மூடிவைத்திருக்கின்றன. இணையத்தைத் துண்டித்துவிட்டு, பெட்டிக்கும் மடிக்கணினிக்கும் இடையே மட்டும் ஒரு கம்பியிட்டு, அந்தப் பழைய மொழியைத் திறந்துவிட்டேன். பிறகு ‘ரெட்ரோ ஆர்ச்’ என்ற நிரலை ஏற்றியதும் அந்தப் பெட்டிக்குள் அதன் மூதாதையர்கள் குடிவந்தார்கள்: நிண்டெண்டோவின் 8 பிட் ஆட்டங்கள், சேகாவின் 16 பிட் மெகா டிரைவ் ஆட்டங்கள். முதல் பிளேஸ்டேஷனை ஏற்ற நிரல்கூட வேண்டியதில்லை. அதன் செயலி தொடக்ககால பிளேஸ்டேஷன் 2 பெட்டிகளுக்குள் உள்ளீட்டு வெளியீட்டு வேலைக்காக அப்படியே வைக்கப்பட்டிருந்தது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வரவு செலவு பார்ப்பதைப் போல. பழைய பெட்டிகளுக்குப் புதிதாக ஆட்டம் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். 2019இல் வெளிவந்த ‘மைக்ரோ மேஜஸ்’ நிண்டெண்டோவின் 8 பிட் பெட்டிக்கு எழுதப்பட்டது; மொத்தம் 40 கிலோபைட். நாங்கள் நால்வர் அதை விடியும்வரை ஆடினோம்.

சுவடிப் பதிப்பில் ஈடுபாடுள்ளவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவின் தொலைக்காட்சி முறை நொடிக்கு 50 முறை புதுப்பிப்பது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. அங்கே எழுதப்பட்ட பல ஆட்டங்களை 50க்கு மாற்றும்போது வேகத்தைச் சரிசெய்யாமலேயே விட்டுவிட்டார்கள். 1991இல் வந்த ‘சோனிக்’ அப்படி ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், இசையும் இழுபட்டு ஓடியது. அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு 60இல் ஓடும் மூல வேகம் பிழையாகத் தோன்றும். எது மூலபாடம்? எழுதியவர் எண்ணியதா, படித்தவர் அறிந்ததா? விடுதி மொட்டைமாடியில் இதைப் பற்றி ஒரு மணிநேரம் சண்டை நடந்தது. கருத்தரங்குகளில் இப்படிச் சண்டை நடந்து நான் பார்த்ததில்லை.

இதற்கிடையே சட்டம் என்ன சொல்கிறது என்று தோழி ஒருத்தி கேட்டாள், அவள் சட்டத்துறை. நியாயமான கேள்வி. எங்கள் வீட்டுச் சிடிகளில் பெரும்பாலானவை திருட்டுப் பிரதிகள். அதை மறைப்பதில் பொருளில்லை. அவற்றை நான் படியெடுக்கவில்லை. கிரான் டூரிஸ்மோ 4 அசல் வட்டைப் பழைய பொருள் விற்பவரிடம் தேடி வாங்கினேன். தம்பியின் சேமிப்போடு பொருந்த அது நம் வட்டாரத்துக்கான பதிப்பாகவும் இருக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கணினி நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர், இழப்பிலிருந்தும் அழிவிலிருந்தும் சேதத்திலிருந்தும் தற்காலிகப் பாதுகாப்பாக, காப்புப் படி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. சாகும் தறுவாயில் இருக்கும் லேசரைவிட வலுவான காரணம் வேறு இருக்க முடியாது என்பது என் வாதம். ஆனால் அந்தப் படியை விடுதிக்கெல்லாம் பகிர எனக்கு உரிமையில்லை. கேட்டவர்களுக்கு மறுத்தேன். சில நாள் கஞ்சப் பேய் என்று பெயர் வாங்கினேன்.

தனி ஒருத்தியின் பெட்டிக்கு இது போதும். ஒரு பண்பாட்டுக்குப் போதாது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான வீடியோ கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கத் தர நூலகங்கள் கேட்ட விலக்கை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது. நம் நிலை இன்னும் மெலிது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் செல்ல வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். அது நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஆனது, ஆட்டங்களுக்கு அன்று.

ஆட்டம் என்றதும் ஜப்பானையும் அமெரிக்காவையும் மட்டும் நினைக்க வேண்டாம். 2009இல் பிளேஸ்டேஷன் 2க்காக ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வெளிவந்தது. உருவாக்கியது ஹைதராபாத் நிறுவனமான அரோனா டெக்னாலஜீஸ். அக்காலத்திலேயே கபடியும் கில்லியும் பட்டம் விடுதலும் கொண்ட ‘தேசி அட்டா’ வந்தது. அதைச் செய்த கேம்சாஸ்திராவும் இதே ஊர். நான் பத்தாண்டுகளாக வாழும் நகரத்தில், என் விடுதியிலிருந்து பேருந்தில் போகும் தொலைவில், இளைஞர்கள் உட்கார்ந்து இந்தியப் பிள்ளைகளின் தெரு விளையாட்டுகளை ஜப்பானியப் பெட்டிக்கு எழுதியிருக்கிறார்கள். அவை உயர்ந்த ஆட்டங்கள் என்று யாரும் சொல்வதில்லை. குஜிலி நூல்களையும் யாரும் உயர்ந்தவை என்று சொன்னதில்லை.

அம்மாவிடம் சொன்ன பொய் இப்படித்தான் உண்மையானது.

இனி என் தவறுக்கு வருகிறேன். கிரான் டூரிஸ்மோவில் தம்பியின் சேமிப்பைத் திறந்து பார்த்தேன். கராஜில் 41 கார்கள். அவன் அறைச் சுவரில் படம் ஒட்டிவைத்து உயிராக மதித்த நிசான் ஸ்கைலைன் அவற்றில் இல்லை. கடைசியாக வாங்கப்பட்டிருந்தது ஒரு சின்னஞ்சிறு மினி கூப்பர். நான் இரவெல்லாம் யோசித்தேன். வேலைக்குப் போகும் முந்தைய இரவு, தன் கனவுக் காரை விற்றுவிட்டுச் சிறிய காரை வாங்கி, சேமித்துவிட்டு அணைத்திருக்கிறான். குறிப்பேட்டில் எழுதினேன்: ‘தன் ஆசையைத் தானே சிறிதாக்கிக்கொண்ட ஒருவனின் விடைபெறல்’. எழுதிவிட்டு அழுதேன். பத்தாண்டுகளாகக் கேட்காத மன்னிப்பை இந்தப் பொங்கலுக்கு நேரில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஜனவரியில் பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குப் போனேன். அப்பாவின் அறையில் இன்றும் டப்பா டிவிதான் இருக்கிறது. அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். கட்டிலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுப் பொங்கலன்று தம்பிக்கு விடுமுறை. மூலக் கார்டில் இடம் ஒழித்துவிட்டதால், பிஎஸ்யூ கோப்பிலிருந்து மீட்ட சேமிப்பை வேறொரு கார்டில் வைத்து, தேதியைக் காட்டினேன். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன். அவன் கையை நீட்டி நிறுத்தினான்.

“இருக்கா. இது என்ன தேதி?”

“நீ வேலைக்குப் போனதுக்கு முந்தின ராத்திரி.”

“முந்தின ராத்திரி நான் ஒரகடத்துல மேன்ஷன்ல இருந்தேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீதானே என்னை பஸ் ஏத்திவிட்ட? பொட்டலம் கட்டிக் குடுத்தியே, எலுமிச்சை சாதம்.”

நான் பேசாமல் இருந்தேன். எலுமிச்சைச் சாதம் நினைவுக்கு வந்தது.

“அப்ப இது யாரு?”

அவன் சிரித்தான். “என் ஸ்கைலைன வித்துட்டு மினி கூப்பர் வாங்குற ஆளு இந்த வீட்ல யாரு?”

மெல்ல மெல்ல அந்த இரவு திரும்பி வந்தது. அவன் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. அப்பா தூங்கிவிட்டார். முதல் ஜாய்ஸ்டிக் தரையில் கிடந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அதை நான் எடுத்தேன். எனக்குப் பிடித்த சிவப்பு நிறக் காரை வாங்கப் பணம் போதவில்லை. இருப்பவற்றில் விலையுயர்ந்ததை விற்றேன். சேமிக்கவா என்று கேட்டதற்கு ஆம் என்று அழுத்தினேன். மறந்தும்போனேன்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அடுத்த மாசம் வந்தப்பவே பாத்தேன். ஆஃப் பண்ணிட்டேன்.”

“ஏன்டா கேக்கல?”

“நீ ஹைதராபாத்துக்குப் பொட்டி கட்டிட்டு இருந்த. போறதுக்கே அழுதுட்டு இருந்த. இதப் போயி எங்க கேக்குறது? அப்புறம் ஷிஃப்டு, ஓவர்டைமு... ஆடவே நேரமில்ல. வண்டி போனதுக்காக இல்லக்கா.”

அப்பா கட்டிலில் இருந்து, “நான் பாத்தேன், இவதான் வித்தா” என்றார். தூங்கிக்கொண்டிருந்ததாக நான் நினைத்த மனிதர்!

சிரிப்பு அடங்கிய பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நீண்ட பேச்சாக இல்லை, இரண்டு வாக்கியங்கள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே “சரி விடுக்கா” என்றான். சற்று நேரம் கழித்து, அந்த நேரடி இரண்டாம் ஆண்டு இடத்துக்கான கடிதத்தை நான்கு ஆண்டுகள் பர்சில் வைத்திருந்ததாகச் சொன்னான். எனக்கு அது தெரியாது. எந்தக் கார்டிலும் அது சேமிக்கப்படவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் இரண்டு வேலைகள் செய்தேன். முதலாவது, பிஎஸ்யூ கோப்போடு ஓர் உரைக்கோப்பை இணைத்தேன்: ஆடியவர் யார், வட்டு எது, தேதி எப்படிச் சரிபார்க்கப்பட்டது, யார் சொன்னது. இரண்டாவது, நான்காம் இயலைத் திறந்தேன். ஒரு கொலைச் சிந்துப் பிரதியின் உள்ளட்டையில் இருந்த பெண் பெயரையும் தேதியையும் கொண்டு, அது ஒரு பெண் வாசகரின் புத்தகம் என்றும் அவர் அதை ஏன் வாங்கியிருக்கக்கூடும் என்றும் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. எழுதிய கை யாருடையது என்பதற்குச் சான்று இல்லை. பதினொரு பக்கம் நான்கு பக்கமானது. இயல் தாமதமானதற்கு இதுவே காரணம், ஐயா.

பெட்டி இப்போது திண்டிவனத்தில் இருக்கிறது. வாராந்திர விடுமுறையில் தம்பி வீட்டுக்கு வந்து ஆடுகிறான். ஸ்கைலைனை மீண்டும் வாங்கிவிட்டான். மினியை ஏன் இன்னும் விற்கவில்லை என்று கேட்டேன். “அது உன் வண்டிக்கா” என்றான்.

இதைப் படிப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் பரணில் இப்படியொரு பெட்டி இருந்தால், காயலான் கடைக்குப் போடும்முன் மெமரி கார்டை மட்டுமாவது எடுத்து வையுங்கள், தேதியோடு படியெடுங்கள், அருகில் அமர்ந்து ஆடியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹனுமான், தேசி அட்டா ஆகியவற்றின் அசல் வட்டு யாரிடமாவது இருந்தால், கையேட்டோடு இருந்தால் இன்னும் நல்லது, எனக்கு எழுதுங்கள். வாங்கிக்கொள்ள வசதியில்லை. ஊருக்கு வந்து பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எழுதுவேன்.